புகழுக்கு விலைபோகும் நீதி

அநுராதபுரத்திலிருந்து 44 ஆண்டுகள் அரசோச்சிய எல்லாளன் என்னும் தமிழ் மன்னன் தன் படுக்கையின் தலைமாட்டில் ஒரு மணியைக் கட்டியிருந்தான். அதன் கயிறு அரண்மனைக்கு வெளியே நீண்டு தொங்கியது. நீதி கேட்போர் எவராயினும் அக்கயிற்றை இழுக்கலாம். மன்னனின் மகன் தேரேறிச் சென்றபோது சில்லில் அகப்பட்டு ஓர் இளங்கன்று மாண்டது. தாய்ப்பசு வந்து கயிற்றை இழுத்தது. மகனென்றும் பாராது, அதே சில்லைக் கொண்டே அவனுக்குத் தண்டனை விதித்தான் மன்னன். இதனை எழுதி வைத்தவர் தமிழ்ப் புலவர் அல்லர். மாற்றாரின் வரலாற்று நூலாகிய மகாவம்சமே எழுதி வைத்தது. நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே நீதி வழங்கியவன் என்ற புகழுரையையும் அந்நூலே அவனுக்குச் சூட்டியது.

மகனைக் கொல்வது நீதியா என்று இக்காலத்தார் கேட்கலாம். அது வேறு வழக்கு. அக்கதை நமக்குச் சொல்வது ஒன்றே: மணியை இழுத்தது யார், குற்றம் செய்தது யார் என்று நீதி பார்க்கலாகாது, நடந்தது என்ன என்று மட்டுமே பார்க்க வேண்டும்.

இன்று உலகின் பெருநாடுகள் எல்லாம் தத்தம் நீதிமன்ற வாயில்களில் அத்தகைய மணியைத் தொங்கவிட்டிருப்பதாகப் பெருமை பேசுகின்றன. ஆனால் மணியை இழுப்பவள் புகழ்பெற்ற விளையாட்டு வீரனின் மனைவியாகவோ காதலியாகவோ இருந்தால் என்ன நடக்கிறது? மணி ஒலிக்கிறது, நீதி எழுகிறது, எழுந்து, குற்றவாளியின் அடுத்த போட்டி எப்போது என்று நாட்காட்டியைப் புரட்டுகிறது! இது மிகையான பேச்சன்று, நடந்த கதை. கேளுங்கள்.

போட்டிக்காகக் காத்திருந்த மறியற்சாலை

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2010 ஆம் ஆண்டு செப்டெம்பரில், உலகப் புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் புளோயிட் மேவெதர் தம் பிள்ளைகளின் தாயை வீடு புகுந்து தாக்கினார். விடியற்காலம், பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தனர். பாரதூரமான பல குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. அவையனைத்தும் நிரூபிக்கப்பட்டிருந்தால் பல்லாண்டுக் காலம் மறியல் காத்திருந்தது. 2011 டிசெம்பரில் என்ன நடந்தது? வழக்குத் தொடுநருக்கும் எதிரியின் சட்டத்தரணிகளுக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது. பெருங்குற்றங்கள் கைவிடப்பட்டன, சிறுகுற்றங்களை அவர் ஏற்றுக்கொண்டார். விதிக்கப்பட்ட தண்டனை 90 நாள் மறியல், 2,500 டொலர் தண்டம், 100 மணிநேரச் சமுதாய சேவை, ஓராண்டு ஆலோசனை வகுப்பு. பெண்களைத் தாக்கியதற்காக 2002 ஆம் ஆண்டிலும் 2004 ஆம் ஆண்டிலும் முன்னரே குற்றத்தீர்ப்புப் பெற்ற ஒருவருக்கு, மூன்றாம் முறையில் கிடைத்த தண்டனை இது.

இதையாவது உடனே நிறைவேற்றினார்களா? இல்லை. 2012 சனவரி முதல் வாரத்தில் அவர் மறியலுக்குள் புகவேண்டியிருந்தது. மே 5 ஆந் தேதி ஒரு பெரும் போட்டிக்கு ஒப்பந்தமாகியிருக்கிறது என்று அவருடைய சட்டத்தரணிகள் விண்ணப்பித்தனர். நீதிமன்றம் இரங்கியது. மறியலுக்குப் போகும் நாளை ஜூன் முதலாந் தேதிக்கு ஒத்திவைத்தது! மே 5 ஆந் தேதி அவர் மேடையேறினார். உத்தரவாதமாகப் பெற்ற ஊதியம் மட்டும் 3 கோடி 20 இலட்சம் டொலர். வென்றார், கைதட்டல் பெற்றார், பணத்தை எண்ணினார், அதன் பின்னரே மறியலுக்குள் புகுந்தார்.

உள்ளே சென்ற சில நாட்களில், மறியல் உணவும் தண்ணீரும் தம் உடலுக்கு ஒவ்வாதவை என்றும், உடற்பயிற்சிக்கு இடமில்லாமையால் தம் தொழிலே முடிந்துபோகலாம் என்றும் கூறி, வீட்டுக்காவலுக்கு மாற்றுமாறு கேட்டார். அதனை நீதவான் மறுத்தார். அந்த மட்டில் நன்று. ஆயினும் 90 நாள் முடியுமுன்னரே, ஆகஸ்ட் 3 ஆந் தேதி, நன்னடத்தைக் கழிவுடன் வெளியே வந்தார். அவர் உள்ளே இருந்த அதே ஜூன் மாதத்திலேதான் உலகில் மிகுந்த ஊதியம் பெறும் விளையாட்டு வீரர் இவரே என்று 'ஃபோர்ப்ஸ்' சஞ்சிகை பட்டியலிட்டது. ஓராண்டு வருவாய் 8 கோடி 50 இலட்சம் டொலர்!

தோழர்களே, ஒரு கணக்குப் போடுவோம். 3 கோடி 20 இலட்சத்தில் 2,500 என்பது 12,800 இல் ஒரு பங்கு. ஒரு போகத்தில் 5 இலட்சம் ரூபாவைக் கையிற் காணும் கமக்காரன் ஒருவன் மனைவியை அடித்து, அவனுக்கும் இதே விகிதத்தில் தண்டம் விதித்தால் அவன் கட்டவேண்டியது 39 ரூபா. ஒரு கோப்பைப் பால்தேநீருக்கும் போதாத காசு! இதற்குப் பெயர் தண்டமா? நுழைவுச் சீட்டுக்கூட இதைவிட விலை அதிகம்.

அக்கமக்காரன் நீதவான் முன் நின்று, "ஐயா, இது நாற்று நடும் காலம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, அறுவடை முடியும்வரை மறியலை ஒத்திவையுங்கள்" என்று கேட்டால் எந்த மன்று செவிசாய்க்கும்? எழுதுவினைஞன் ஒருவன், "மாத முடிவிற் சம்பளம் எடுத்தபின் வருகிறேன்" என்று கேட்டால் காவலர் சிரிக்கமாட்டார்களா? கமக்காரனுடைய பயிர் காய்ந்தால் ஒரு குடும்பம் பட்டினி கிடக்கும். குத்துச்சண்டைப் போட்டி ஒன்று தள்ளிப்போனால் எவர் பட்டினி கிடப்பார்? சூதாட்ட விடுதிகளும் தொலைக்காட்சிக் கம்பனிகளும் அந்த மாத இலாபத்தை இழக்கும், அவ்வளவே. அந்த இலாபத்துக்காகவே ஒரு தாயின் கண்ணீர் ஐந்து மாதம் வரிசையிற் காத்து நின்றது.

படம் இல்லாவிடில் குற்றமும் இல்லையோ?

இது ஒருவர் கதை, ஒரு நகரத்துக் கதை என்று தள்ளிவிடலாமா? அமெரிக்காவின் மறு கரைக்கு வருவோம்.

நியூ ஜேர்சி மாநிலத்து அற்லாந்திக் சிற்றியில் 2014 பெப்ரவரி 15 ஆந் தேதி, அமெரிக்க உதைபந்தாட்ட வீரர் ரே ரைஸ் ஒரு சூதாட்ட விடுதியின் மின்தூக்கிக்குள் தமக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை ஓங்கி அறைந்தார். அப்பெண் நினைவிழந்து விழுந்தாள். அக்குற்றத்துக்கு அம்மாநிலச் சட்டத்தில் 3 முதல் 5 ஆண்டு வரை மறியலும் 15,000 டொலர் வரை தண்டமும் விதிக்க இடமுண்டு. ஆனால் மே மாதத்தில், விசாரணைக்கு முன்பே வழக்கைத் திசைதிருப்பும் ஒரு திட்டத்தில் அவர் சேர்க்கப்பட்டார். ஓராண்டு ஆலோசனை வகுப்பு, 125 டொலர் கட்டணம், அவ்வளவே. ஓராண்டு கழிந்ததும், 2015 மே மாதத்தில், குற்றச்சாட்டே தள்ளுபடியாயிற்று.

முதன்முறை தவறு செய்தவர்களுக்கு எல்லோருக்கும் திறந்த வாசல்தானே அது என்று வாதிட்டனர். எல்லோருக்கும் திறந்த வாசலா? நியூ ஜேர்சியில் 2010 முதல் 2013 வரை நடந்த குடும்பத் தாக்குதல் வழக்குகளில், அத்திட்டத்தின் வழியே தீர்ந்தவை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என ஈ.எஸ்.பி.என். நிறுவனம் 2014 இல் ஆராய்ந்து வெளியிட்டது. அதே வட்டாரத்து வழக்குத் தொடுநர் அலுவலகம், அக்காலத்திலேயே, இரு பிள்ளைகளின் தாயொருத்திக்கு இச்சலுகையை முதலில் மறுத்தது. அவள் செய்த குற்றம் என்ன? அயல் மாநிலத்தில் முறைப்படி அனுமதி பெற்ற துப்பாக்கி ஒன்றுடன் எல்லை தாண்டி வந்தாள். அதனைத் தானே பொலிசாரிடம் சொன்னாள். அவள் எவரையும் அடிக்கவில்லை, எவரையும் வீழ்த்தவில்லை. ஆயினும் மூன்றரை ஆண்டுக் கட்டாய மறியல் அவள் தலைமேல் தொங்கியது. ரைஸ் வழக்கோடு அவள் வழக்கையும் ஒப்பிட்டு நாடே கூக்குரலிட்ட பின்னரே அவளுக்கும் அந்த வாசல் திறந்தது. வீரனுக்குத் தட்டாமலே திறந்த கதவு, தாய்க்கு உடைத்த பின்னர் திறந்தது!

இன்னுமொரு செய்தியைக் கவனியுங்கள். மின்தூக்கிக்குள் நடந்ததைக் காட்டும் படம் 2014 செப்டெம்பர் 8 ஆந் தேதி உலகெங்கும் வெளியாயிற்று. அதற்குமுன் விளையாட்டுச் சங்கம் அவருக்கு விதித்தது இரண்டே இரண்டு போட்டித் தடை. அதே ஆண்டில் கஞ்சாப் பரிசோதனையில் தவறிய இன்னொரு வீரருக்கு முதலில் விதிக்கப்பட்டதோ ஓராண்டுத் தடை. படம் வெளியானதும் அவருடைய அணி அன்றே அவரை நீக்கியது; சங்கம் கால வரையின்றித் தடை விதித்தது. பின்னர் அத்தடை மத்தியஸ்தரால் நீக்கப்பட்டபோதிலும் எந்த அணியும் அவரைச் சேர்க்கவில்லை.

ஆகவே அவருக்குத் தண்டனை கிடைத்துவிட்டதே என்பார்கள். ஆம், கிடைத்தது. ஆனால் அதனை வழங்கியது சட்டமன்று, படம்! பொதுமக்கள் பார்க்குமுன்னரே அப்படம் சட்டத்தின் கையில் இருந்தது. சட்டத்தின் கண்ணுக்கு அது 125 டொலர் பெறுமதியானதாகத் தெரிந்தது. மக்களின் கண்ணுக்கோ அது தாங்கமுடியாத கொடுமையாகத் தெரிந்தது. இப்போது சொல்லுங்கள்: குசினியில் அடிபடும் பெண்ணுக்கு எந்தப் படக்கருவி சாட்சி சொல்லும்? படுக்கையறைச் சுவர் எந்தத் தொலைக்காட்சியிற் பேசும்? படம் இருந்தால் மட்டுமே வெட்கப்படும் நீதி, படம் இல்லாத வீடுகளில் என்ன செய்துகொண்டிருக்கிறது?

அதே ஆண்டில் வட கரோலைனாவில் நடந்ததையும் சேர்த்துக்கொள்க. கிரெக் ஹாடி என்னும் உதைபந்தாட்ட வீரர் தம் முன்னாள் காதலியைத் தாக்கினார் என்று 2014 ஜூலையில் நீதவான் ஒருவர் தீர்ப்பளித்தார். தண்டனை 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. அம்மாநிலச் சட்டப்படி ஜூரி விசாரணை கோரி அவர் மேன்முறையிட்டார். 2015 பெப்ரவரியில் முறைப்பாட்டாளரான பெண்ணைக் கண்டுபிடிக்க முடியவில்லை, வழக்குத் தள்ளுபடியாயிற்று. இரு தரப்பாருக்கும் தனிப்பட்ட இணக்கம் ஏற்பட்டதாக நம்பகமான தகவல் கிடைத்ததென்று வழக்குத் தொடுநரே அறிவித்தார். சட்டத்தின் முன் இன்று அவர் குற்றவாளியல்லர். அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் மறு மாதமே வேறோர் அணி அவரை ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. வழக்கு முடிந்த வழியைப் பாருங்கள்! சாட்சிக் கூண்டில் நிற்கவேண்டிய பெண் இல்லை என்றால் அரசாங்கத்தின் வழக்கும் இல்லை. கூலிக்காரன் ஒருவனால் இத்தகைய இணக்கத்தை வாங்கமுடியுமா?

விழுந்த வீரனுக்கு அழுத நீதிமன்றம்

அமெரிக்காவில் பணமே கடவுள். அங்கே அப்படித்தான் என்று ஆறுதல் கொள்வோர் தென்னாபிரிக்காவைப் பார்க்கட்டும். நிறவெறி ஆட்சியைத் தகர்த்து எல்லோரும் சமம் என்று அரசியலமைப்பு எழுதிய நாடு அது.

இரு கால்களும் இழந்தும் செயற்கைக் கால்களால் ஓடி, 2012 இல் இலண்டன் ஒலிம்பிக்கிற் போட்டியிட்ட ஒஸ்கார் பிஸ்டோரியசை உலகமே கொண்டாடியது. 2013 பெப்ரவரி 14 ஆந் தேதி அதிகாலை, தம் வீட்டில், பூட்டிய கழிவறைக் கதவினூடாக நான்கு முறை சுட்டு, தம் காதலி ரீவா ஸ்டீன்காம்பைக் கொன்றார். உள்ளே கள்வன் என்று நினைத்தேன் என்றார். 2014 இல் முதல் நீதிமன்றம் அதனைக் கொலை என்று கொள்ளாமல் 5 ஆண்டு மறியல் விதித்தது. 2015 டிசெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், கதவுக்கு அப்பால் நின்றவர் யாராயினும் சுட்டது கொலையே என்று தீர்ப்பை மாற்றியது. கொலைக்கு அந்நாட்டில் சாதாரணமாக விதிக்கப்படும் குறைந்த தண்டனை 15 ஆண்டு. ஆனால் 2016 ஜூலையில் முதல் நீதிமன்றம் மீண்டும் விதித்தது 6 ஆண்டே!

காரணமாகச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர் விழுந்துபட்ட வீரர். தம் தொழிலை இழந்தார். பொருளையும் இழந்தார் என்று நீதிபதி இரங்கினார். ஆம், அவர் தொழிலை இழந்தார். ரீவா எதை இழந்தாள்? அவளுக்கும் ஒரு தொழில் இருந்தது. அவள் சட்டம் பயின்ற பட்டதாரி, விளம்பர அழகி. அவளுடைய தாயும் தந்தையும் எதை இழந்தனர்? இழப்பைத் தராசில் இடுவதானால் இரு தட்டிலும் அன்றோ இடவேண்டும்? புகழின் உச்சியிலிருந்து விழுந்தவனின் வீழ்ச்சி மட்டும் எடைபோடப்படுகிறது. அவன் கையால் விழுந்தவள் எடையற்றவளாகிறாள்.

2017 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம், அத்தண்டனை அதிர்ச்சி தரும் அளவுக்கு இலேசானது என்று கண்டித்து, அதனை 13 ஆண்டு 5 மாதமாக உயர்த்தியது. அந்த நீதிபதிகளைப் போற்றுவோம். மேல் மன்றில் ஒரு மணி இன்னும் ஒலிக்கிறது என்பதற்கு அது சான்று. 2024 சனவரியில் அவர் நிபந்தனையுடன் வெளியே வந்தார். ஆயினும் முதல் மன்றின் அந்த இரக்கத்தை மறத்தல் ஆகாது. ஏனெனில் மேன்முறையீடு செய்ய அரசு முன்வராத, உலகம் உற்றுப்பாராத வழக்குகளில் முதல் மன்றின் சொல்லே முடிந்த முடிவு.

அவர்கள் சொல்லும் நியாயங்கள்

இலேசான தண்டனையை ஆதரிப்போர் சொல்லும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

"தண்டித்தால் அவன் எதிர்காலம் பாழாகும்" என்பது முதல் நியாயம். தண்டனை பெறும் எவனுடைய எதிர்காலம்தான் பாழாகவில்லை? ஆசிரியன் குற்றவாளியானால் பாடசாலையை இழப்பான். வைத்தியன் தன் பதிவை இழக்கக்கூடும். அரசாங்க ஊழியன், குற்றம் நிரூபிக்கப்படுமுன்னரே வேலையிலிருந்து இடைநிறுத்தப்படுகிறான். இவர்களுடைய இழப்பைத் தண்டனையிற் கழிக்காத நீதி, வீரனுடைய இழப்பை மட்டும் கழிப்பது எதனால்? உயரத்திலிருந்து விழுபவனுக்கு அடி பலமாகப் படும் என்பதாலா? அப்படியானால் எவ்வளவு உயரத்தில் ஒருவன் இருக்கிறானோ அவ்வளவுக்கு அவன் தண்டனை குறையும். மன்னனுக்குத் தண்டனையே இல்லாமற் போகும். இதைத்தானே பழைய உலகம் செய்தது? இதை ஒழிக்கத்தானே சட்டத்தின் ஆட்சி பிறந்தது?

"அடிபட்டவளே வழக்கு வேண்டாம் என்கிறாளே" என்பது இரண்டாவது நியாயம். வேண்டாம் என்று அவள் ஏன் சொல்கிறாள்? அவள் இருக்கும் வீடு அவன் வீடு. பிள்ளைகளின் கல்வி அவன் பணம். அவள் ஒரு சொல் சொன்னால், அவன் பெயரைக் கூவும் பல்லாயிரம் வாய்கள் அவளைத் தூற்றும். பணத்துக்காகப் பழி சுமத்தினாள் என்று ஏசும். எதிரே நிற்பவன் ஒருவனல்லன். ஓர் அணி, ஒரு கம்பனி, ஒரு நகரம், ஒரு பெருங்கூட்டம். அவள் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் சட்டம், கழுத்தை நெரித்துவிட்டு "ஏன் பேசவில்லை?" என்று கேட்பதற்கு ஒப்பாகும். களவு போன வீட்டுக்காரன் வேண்டாம் என்றாலும் கள்வனை அரசு விடுவதில்லை. மனைவியின் உடல் அவ்வீட்டுச் செப்புக்குடத்திலும் கேவலமானதா?

"அமெரிக்காவில் இவ்வீரர்கள் பலர் கறுப்பினத்தவர், அங்கே அவ்வினத்தார் காலங்காலமாக நீதி மறுக்கப்பட்டவர்கள், அவர்களைத் தண்டிக்கக் கூவுவது அநீதிக்குத் துணைபோவது" என்பது மூன்றாவது நியாயம். இதனைத் தமிழராகிய நாம் இலேசாகத் தள்ளமாட்டோம். ஓர் இனத்தின்மேல் சட்டம் சாய்ந்து நிற்கும்போது உண்டாகும் வேதனையை நமக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் உற்று நோக்குங்கள். இச்சலுகை அவ்வினத்துக்குக் கிடைத்த சலுகையா? இல்லை. துப்பாக்கி அனுமதியுடன் வந்து அகப்பட்டாளே, அந்தத் தாயும் கறுப்பினத்தவளே! அவளுக்கு ஏன் முதலில் மறுக்கப்பட்டது? கிடைத்த சலுகை இனத்துக்கன்று, புகழுக்கு. இனத்தின் துயரைக் கேடயமாக எடுத்து, அதே இனத்துப் பெண்ணை அடித்தவனைக் காப்பது அவ்வினத்துக்குச் செய்யும் தொண்டாகாது.

"விளையாட்டுச் சங்கங்களே இப்போது தண்டிக்கின்றனவே" என்பது நான்காவது நியாயம். உண்மை; 2014 இன் அவமானத்துக்குப் பின் அமெரிக்க உதைபந்தாட்டச் சங்கம் முதற் குற்றத்துக்கு 6 போட்டித் தடை என விதி செய்தது. 2015 இல் பேஸ்போல் சங்கமும் தனி விதி வகுத்தது. நல்லது. ஆனால் சங்கம் என்பது வியாபாரம். தன் பண்டத்துக்குக் கறை படியாமல் காப்பது அதன் நோக்கம். பெண்ணுக்கு நீதி வழங்குவதன்று. ஆடுகளத்தைக் காக்கச் சங்கம் போதும். வீட்டைக் காக்க அரசு வேண்டும்.

சிறு தண்டனை செய்யும் பெருந்தீங்கு

இலேசான தண்டனையால் வரும் கேடு அடித்தவன் தப்புவதோடு நின்றுவிடுவதில்லை. அது மூன்று பேருக்கு மூன்று பாடம் கற்பிக்கிறது. அடித்தவனுக்கு, "இதன் விலை மலிவு" என்கிறது. அடிபட்டவளுக்கு, "இனி வராதே" என்கிறது. பார்த்திருக்கும் இளைஞனுக்கு, "புகழைத் தேடு, பிழை பொறுக்கப்படும்" என்கிறது.

1989 ஆம் ஆண்டின் புதுவருட நாளில் ஓ. ஜே. சிம்சனின் மனைவி, உதடு கிழிந்து, முகம் வீங்கி, பொலிசாரிடம் ஓடினாள். முன்னர் எட்டு முறை வந்தீர்கள், ஒன்றும் செய்யவில்லை என்று அவள் அன்று முறையிட்டதாக அங்கு சென்ற அதிகாரி பின்னாளில் மன்றிற் சாட்சியம் சொன்னார். உதைபந்தாட்டத்தில் ஓய்வு பெற்றும் புகழில் ஓய்வு பெறாத அவ்வீரருக்கு நீதிமன்றம் விதித்தது 200 டொலர் தண்டம், 120 மணிநேரச் சமுதாய சேவை, இரண்டாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு. மறியல் ஒரு நாளும் இல்லை. உளவள ஆலோசனையைத் தொலைபேசியிலேயே பெற்றுக்கொள்ளவும் அனுமதி கிடைத்தது! அதே ஆண்டில் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அவரை வர்ணனையாளராக அமர்த்தியது.

1994 ஜூனில் அப்பெண்ணும் அவள் நண்பர் ஒருவரும் வெட்டிக் கொல்லப்பட்டனர். 1995 இல் ஜூரிகள் சிம்சனைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை செய்தனர்; 1997 இல் குடியியல் வழக்கில் வேறு ஜூரிகள் அச்சாவுகளுக்கு அவரே பொறுப்பு என்றனர். 2024 இல் அவரும் இறந்துபோனார். அவ்வழக்கை மீண்டும் விசாரிப்பது நம் வேலையன்று. நாம் கேட்பது இதுவே: அவள் உயிரோடு இருந்து, வீங்கிய முகத்தோடு நின்று, நீதி கேட்ட அந்த 1989 இல், நீதி ஏன் தொலைபேசியிற் பேசி முடித்துக்கொண்டது? நடுநிசியில் பொலிசை அழைக்கும் பெண் பழிவாங்கக் கேட்கவில்லை. நாளையும் உயிரோடு இருக்கக் கேட்கிறாள்.

வேண்டுவது என்ன?

கசையடி கேட்கவில்லை, கழுமரம் கேட்கவில்லை. புகழ்பெற்றவன் என்பதற்காக அதிக தண்டனையும் கேட்கவில்லை. திருந்த விரும்புவோனுக்கு வழி அடைக்கவும் சொல்லவில்லை. நாம் கேட்பது சமன். கூலிக்காரனுக்குத் திறக்கும் வாசலே வீரனுக்கும் திறக்கட்டும்; கூலிக்காரனுக்கு மூடும் வாசல் வீரனுக்கும் மூடட்டும்.

புகழின் இழப்பையும் ஒப்பந்தங்களின் இழப்பையும் தண்டனையைக் குறைக்கும் காரணமாக எந்த நீதிமன்றமும் கொள்ளலாகாது. போட்டிக்காக மறியலை ஒத்திவைக்கலாகாது. வழக்கைத் திசைதிருப்பும் சலுகை வழங்கப்பட்டால், அதற்கான காரணம் எழுத்தில், பொதுமக்கள் படிக்கும்படி இருக்கவேண்டும். தண்டப்பணம் குற்றவாளியின் வருவாய்க்கு ஏற்ப அமையவேண்டும். பின்லாந்து போன்ற நாடுகள் நாளாந்த வருமானத்தை அளவுகோலாகக் கொண்டு தண்டம் விதிக்கின்றன, எனவே இது ஆகாத காரியமன்று. அடிபட்டவள் கூண்டில் ஏற அஞ்சினாலும், வைத்தியர் குறிப்பும் அயலவர் சொல்லும் பொலிசார் கண்டதும் கொண்டு வழக்கை நடத்தும் துணிவு அரசுக்கு வேண்டும். நியூ ஜேர்சியின் சட்டத்துறைத் தலைவர் 2014 அக்டோபரில், குடும்ப வன்முறை வழக்குகளில் அத்திசைதிருப்பும் திட்டத்தைப் பொதுவாக மறுக்கவேண்டும் என்று புதிய நெறிமுறை பிறப்பித்தார். மக்கள் உரத்துக் கேட்டால் கதவு அசையும் என்பதற்கு இதுவே சான்று.

இவையெல்லாம் கடல்கடந்த நாடுகளின் விவகாரம். நமக்கென்ன என்று எவரேனும் கேட்கலாம். இலங்கை அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை, சட்டத்தின் முன் யாவரும் சமம் என்கிறது. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் நம் ஏட்டில் இருக்கிறது. ஏட்டில் இருப்பதை வீட்டிற்குக் கொண்டுவருவது யார்? சாட்சி சொல்ல அஞ்சும் அயலவன், "குடும்ப விஷயம், சமாதானமாகப் போங்கள்" என்று திருப்பியனுப்பும் அதிகாரி, "நல்ல ஆட்டக்காரன், ஒரு தவறு செய்துவிட்டான்" என்று மாலையோடு நிற்கும் கழகத்தான் ஆகியோர் நம் ஊரிலும் உண்டா இல்லையா என்பதை நாமே நெஞ்சைத் தொட்டுச் சொல்லவேண்டும். லாஸ் வேகாசில் நீதி போட்டிக்காகக் காத்து நின்றதைக் கேட்டுச் சிரிக்கும் உரிமை, நம் ஊரில் ஊர்ப்பெருமைக்காக உண்மையை மறைக்காதவனுக்கே உண்டு.

கமக்காரனுக்குத் தெரியும்: வேலியில் ஒரு கதியால் இற்றுப்போனால் அந்த இடைவெளியால் ஒரு மாடுமட்டும் புகுந்துவிட்டுப் போவதில்லை; அது வழியாகிவிடும். புகழுக்காக ஒருமுறை வளைந்த சட்டமும் அப்படியே. இன்று வீரனுக்கு, நாளை செல்வனுக்கு, மறுநாள் அதிகாரத்தில் உள்ளவனுக்கு. கடைசியில் வேலி இருக்கும், பயிர் இராது.

நீதியை அழைக்கும் கயிற்றை எட்டிப் பிடிக்க ஒரு வாயில்லாப் பசுவுக்கு இந்த மண்ணில் ஒரு காலத்தில் முடிந்தது. வாயுள்ள பெண்ணுக்கு இன்று முடியாமற் போவதா? கயிறு அவள் கைக்கு எட்டவேண்டும். மணி ஒலிக்கும்போது, இழுத்தவள் யார், இடித்தவன் யார் என்று கேளாத செவி வேண்டும். அச்செவியை உலக நீதிமன்றங்களிடம் கேட்போம். அதற்கு முன் நம்மிடமே கேட்போம்!